ப்ளேஸ்மென்ட் வந்தா பேண்ட் போயிடணுமா?

ஒவ்வொரு பேட்சிலும் ஒரு பேண்ட் இருக்கும். உங்க பேட்சிலும் இருக்கும். செகண்ட் இயர் கல்ச்சுரல்ஸுக்கு ரெண்டு வாரம் முன்னாடி பிறக்கும். ஒருத்தன் கிட்ட கிட்டார் இருக்கும், ஒருத்தி சின்ன வயசுல பாட்டு கிளாஸ் போயிருப்பா, ஒருத்தன் பெஞ்சுல தட்டியே டிரம்மர் ஆயிருப்பான். தேர்ட் இயர்ல பக்கத்து காலேஜுக்குப் போய் மூணாம் பரிசு வாங்கிட்டு வருவாங்க. ஃபைனல் இயர்ல ஆப்டிட்யூட் கிளாஸ் ஆரம்பிச்சதும் ரிகர்சல் நிக்கும். கடைசியில் வாட்ஸ்அப் குரூப் மட்டும் மிஞ்சும். அதிலும் பிறந்தநாள் வாழ்த்து மட்டும்தான் வரும்.

எங்க பேண்டும் அப்படித்தான் நின்னுச்சு. யாரும் சண்டை போடலை, யாரும் "கலைச்சிடலாம்"னு சொல்லவும் இல்லை. மெக்கானிக்கல் பிளாக் பின்னாடி இருக்கிற பழைய ஸ்டோர் ரூம்லதான் பிராக்டிஸ் பண்ணுவோம். ஆறாவது செமஸ்டர் முடிஞ்சப்புறம் அதோட சாவியை யாரும் கேட்கப் போகலை, அவ்வளவுதான். "வேலைக்குப் போகணும்ல" என்ற ஒரே வரியில் எல்லாரும் சமாதானம் ஆகிட்டோம்.

இந்த "வேலையா, இசையா" என்ற கேள்வியே தப்பு என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அப்படித் தோன்ற வைத்தது ஒரு பேண்டின் வரலாறு. பேர் அகம்.

22 வருஷம், 3 ஆல்பம்

அகம் பாட்டு கேட்காதவங்க உங்களில் குறைவாகத்தான் இருப்பீங்க. பெங்களூருவில் 2003-ல் தொடங்கிய குழு. கர்நாடக இசையையும் ப்ரோக்ரெசிவ் ராக் இசையையும் சேர்த்து வாசிக்கிறவர்கள். 2007-ல் சன் டிவியில் வந்த 'ஊ லா லா லா' போட்டியில் ஜெயித்தார்கள். ஏ.ஆர். ரஹ்மான் நடுவராக இருந்த நிகழ்ச்சி அது. 2012-ல் எம்டிவி கோக் ஸ்டுடியோவின் இரண்டாவது சீசனில் அவர்கள் வாசித்த 'மல்ஹார் ஜாம்' இன்னைக்கும் ஹாஸ்டல் ரூம்களில் ஓடிக்கிட்டு இருக்கு. நம்மில் பல பேருக்கு "கர்நாடக சங்கீதம்னா தாத்தா கேட்கிறது" என்ற எண்ணத்தை உடைத்த முதல் வீடியோ அதுவாகத்தான் இருக்கும்.

இப்போ தேதிகளை மட்டும் வரிசையாப் பாருங்க. குழு தொடங்கியது 2003. முதல் ஆல்பம் 'தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்' வந்தது 2012. அதாவது ஒன்பது வருஷம் கழித்து. இரண்டாவது ஆல்பம் 'எ ட்ரீம் டு ரிமெம்பர்' 2017-ல். மூன்றாவது 'அரைவல் ஆஃப் தி எதீரியல்' 2025-ல். 22 வருஷத்தில் மூணே மூணு ஆல்பம்.

டிவி போட்டியில் ஜெயித்த பிறகும் முதல் ஆல்பத்துக்கு அஞ்சு வருஷம் ஆகியிருக்கு. நம்ம கணக்கில் அது ஒரு பி.இ. படிப்பும் ஒரு வருஷ அரியரும்! ரீல்ஸ் போட்டு மூணு நாளில் லைக் வரலைன்னா "நமக்கு இது செட் ஆகாது"னு முடிவு பண்ற நமக்கு, இந்தக் கணக்கு கொஞ்சம் உறைக்கணும்.

அந்த ஒன்பது வருஷம் அவங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்க? வேலைக்குப் போயிட்டு இருந்தாங்க. பாடகரும் வயலின் கலைஞருமான ஹரிஷ் சிவராமகிருஷ்ணன், பிலானி பிட்ஸில் படித்த பொறியியல் மாணவர். அடோபி, கூகுள் போன்ற நிறுவனங்களில் வேலை பார்த்தவர். பிறகு க்ரெட் நிறுவனத்தில் டிசைன் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். குழுவில் மற்ற பலரும் இதே மாதிரி சம்பள வேலையில் இருந்துகொண்டே வாசித்தவர்கள். சனி, ஞாயிறு, இரவு என்று கிடைத்த நேரத்தில் வளர்ந்த இசை அது.

நமக்கு யாரும் இந்தக் கதையைச் சொல்றது இல்லை. நமக்குச் சொல்லப்படும் கதை ரெண்டே ரெண்டு. ஒண்ணு, "வேலையைத் தூக்கிப் போட்டுட்டு கனவைத் துரத்தினான், ஜெயிச்சான்." மோட்டிவேஷன் பேச்சாளர்கள் சொல்லுவது. இன்னொண்ணு, "பாட்டு கீட்டெல்லாம் காலேஜோட சரி." வீட்டில் சொல்லுவது. முதல் கதைக்கு உதாரணங்களும் இருக்கு. அமெரிக்காவின் ட்ரீம் தியேட்டர் குழுவை 1985-ல் தொடங்கியவர்கள் பெர்க்லீ இசைக் கல்லூரி மாணவர்கள். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் குழுவைக் கட்டினார்கள். ஆனா அவங்க விட்டது இசைக் கல்லூரியை. நாம ஈ.சி.ஈ.யை விட்டா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியது இல்லை. மூணாவதா ஒரு வழி இருக்கு. அது மெதுவான வழி. அகம் போனது அந்த வழியில்தான்.

கலப்புன்னா பெயின்ட் அடிக்கிறது இல்லை

"சரி, வேலையில இருந்ததால லேட் ஆச்சு. முழு நேரமா இறங்கியிருந்தா மூணு வருஷத்துல முடிச்சிருப்பாங்க"னு நீங்க சொல்லலாம். எனக்கு அப்படித் தோணலை. இந்த இசைக்கு இயல்பாகவே இத்தனை காலம் ஆகும்.

நாமக்கல்லில் இருக்கிறவங்களுக்கு இதை லாரி வைத்தே விளக்கலாம். கம்பெனியிலிருந்து சேஸிஸ் மட்டும் வரும். பாடி நம்ம ஊர்ல கட்டுவாங்க. பட்டறைக்குப் பக்கத்தில் வளர்ந்தவங்களுக்குத் தெரியும், பாடி கட்டுறது என்பது சேஸிஸ் மேலே தகரத்தை வைத்து பெயின்ட் அடிக்கிற வேலை இல்லை. எந்த அச்சில் எவ்வளவு பாரம் விழும், எங்கே கிராஸ் மெம்பர் வரணும் என்று பார்த்துக் கட்டணும். இல்லைன்னா முதல் லோடுலயே தெரிஞ்சிடும்.

நம்ம கல்ச்சுரல்ஸ் மேடையில் 'ஃப்யூஷன்' என்ற பேரில் நடப்பது பெரும்பாலும் பெயின்ட் அடிப்பதுதான். தெரிந்த கீர்த்தனையின் பல்லவியைப் பாடுவோம், பின்னாடி நாலு கார்டு ஓடும், டிரம்மர் அவன் பாட்டுக்கு ஒரு பீட் போடுவான். எங்க பேண்டும் அதைத்தான் பண்ணுச்சு. கைதட்டல் வந்தது, இல்லைன்னு சொல்லலை.

ஏன் அது சரியா உட்காரலைன்னு எனக்குப் புரிந்தது அகத்தின் 'ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி'யைத் திரும்பத் திரும்பக் கேட்டபோதுதான். தியாகராஜரின் 'பண்டுரீதி கோலு' கீர்த்தனையை அடிப்படையாகக் கொண்ட பாட்டு அது. ராகம் ஹம்ஸநாதம். ஹம்ஸம் என்றால் அன்னம். பாட்டின் பேரிலேயே ராகத்தை ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஹம்ஸநாதத்தில் இன்று பெரும்பாலும் பாடப்படும் ஸ்வரங்கள் ஸ, ரி, பிரதி மத்யமம், ப, காகலி நி. காந்தாரம் கிடையாது.

கிட்டார் வாசிக்கிறவங்க இங்கே கொஞ்சம் நில்லுங்க. ஒரு மேஜர் கார்டோ மைனர் கார்டோ பிடிக்கணும்னா ஸட்ஜத்துக்கு மேலே காந்தாரம் வேணும். மேஜரா மைனரா என்று தீர்மானிப்பதே அதுதான். இந்த ராகத்தில் அது இல்லை. பழக்க தோஷத்தில் நீங்க ஸட்ஜத்தில் ஒரு சாதாரண மேஜர் கார்டு பிடிச்சா, ராகத்தில் இல்லாத ஒரு ஸ்வரம் உள்ளே வந்துடும். பாடுறவங்க ஒரு ராகத்தில் இருப்பாங்க, நீங்க வேறு எங்கேயோ இருப்பீங்க. கேட்கிறவனுக்குக் காரணம் தெரியாது, ஆனா ஏதோ இடிக்குதுன்னு தெரியும்.

வழி இருக்கு. ராக் இசையில் டிஸ்டார்ஷன் போட்டு வாசிக்கும் பவர் கார்டில் இருப்பது ரெண்டே ஸ்வரம்: ஸ, ப. டிஸ்டார்ஷனில் காந்தாரம் சேர்ந்தால் சத்தம் கலங்கிவிடும் என்பதால் ராக் காரங்களே அதை விட்டுவிட்டார்கள். இப்போ தம்புராவை நினைச்சுப் பாருங்க. அதிலும் மீட்டப்படுவது ப, ஸ தானே! ஹெவி மெட்டல் கிட்டாரும் தம்புராவும் ஒரே அஸ்திவாரத்தில் நிற்கின்றன. அதே ராகத்தில் பஞ்சமத்தை ஆதாரமா வைத்தால் ப, நி, ரி சேர்ந்து ஒரு முழு மேஜர் கார்டு கிடைக்கும். நிஷாதத்தில் வைத்தால் நி, ரி, ம சேர்ந்து ஒரு மைனர் கார்டு. ராகத்துக்கு வெளியே ஒரு அடி கூட வைக்காமல் மூணு இடத்தில் நிற்கலாம். இதைக் கண்டுபிடிக்க ராகமும் தெரியணும், கார்டும் தெரியணும். ஒண்ணு மட்டும் தெரிந்தால் போதாது.

இன்னொரு உதாரணம். 'எ ட்ரீம் டு ரிமெம்பர்' ஆல்பத்தில் தியாகராஜரின் 'மனவ்யாலகிஞ்சரா' இருக்கு. ராகம் நளினகாந்தி. அது வக்ர ராகம்; மேலே போகும்போது ஸ, க, ரி, ம என்று வளைந்துதான் போகும். ஆனா கிட்டார் பழகுற எல்லாரும் முதல்ல பழகுறது ஸ்கேலை நேராக ஏறி இறங்குவது. விரல் தன்னால் ஸ, ரி, க, ம என்று ஓடும். ஓடின அந்த நிமிஷம் அது நளினகாந்தி இல்லை. விரலுக்குப் பழகிய பாதையை மறக்க வைக்க எத்தனை மாதம் ஆகும்னு வாசிக்கிறவங்களைக் கேளுங்க. இதுக்கு மேலே கமகம் இருக்கு. கிட்டாரில் கம்பியை இழுத்து வளைச்சு ஓரளவு கொண்டு வரலாம். கீபோர்டில் ஒவ்வொரு கட்டையும் ஒரே இடத்தில் நிற்கும். பிட்ச் வீலைத் தொடாமல் கமகம் வராது.

தாளத்தில் மட்டும் நாம பிறவியிலேயே பணக்காரங்க. ப்ரோக்ரெசிவ் ராக் என்பது 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் கிங் க்ரிம்சன், யெஸ் போன்ற குழுக்களோடு எழுந்த வகை. நீளமான பாட்டு, நடுநடுவே மாறும் வேகம், நாலு நாலா எண்ண முடியாத தாளம் எல்லாம் அதன் அடையாளம். பிங்க் ஃப்ளாய்டின் 'மணி' பாட்டு ஏழு ஏழா போகுதுன்னு உலகமே வியக்கும். நமக்கு அது மிஸ்ர சாபு மாதிரி, தகிட தகதிமி. அஞ்சுன்னா கண்ட சாபு, தக தகிட. பஜனை மடத்தில் கைத்தாளம் போடுற பெரியவர் இதை எண்ணாமலே போடுவார்.

இது புதுசும் இல்லை, அந்நியமும் இல்லை

"கர்நாடக சங்கீதத்துல கிட்டாரா? கெடுக்குறாங்க"ன்னு சொல்ற ஆட்களை நீங்க பார்த்திருப்பீங்க. அவங்களுக்கு ஒரு சின்ன வரலாறு. இன்னைக்குக் கச்சேரியில் வயலின் இல்லாமல் பாடகர் உட்காருவது அரிது. அந்த வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதைக் கர்நாடக இசைக்குப் பழக்கியவர்களில் முதன்மையானவர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். அண்ணன் தீட்சிதரோ, ஆங்கிலேயர்களின் பேண்ட் வாத்தியக் குழுக்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் வரிகள் எழுதினார். நொட்டுஸ்வர சாகித்யங்கள் என்று பேர், சுமார் 40 பாட்டு. பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டுக்குக் கூட ஒரு பாட்டு உண்டு. 200 வருஷத்துக்கு முன்னாடியே நடந்த ஃப்யூஷன்!

அதற்குப் பிறகும் கதை நீளம். 1970களில் ஜான் மெக்லாலினின் கிட்டாரும் விக்கு விநாயக்ராமின் கடமும் சேர்ந்த சக்தி குழு. பாஹுக்கும் தியாகராஜருக்கும் இளையராஜா சமர்ப்பித்த 1986-ன் 'ஹவ் டு நேம் இட்'. எலெக்ட்ரிக் மாண்டலினில் கச்சேரி செய்த யு. ஸ்ரீநிவாஸ். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் பொறியியல் படித்துவிட்டு கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்க வந்த பிரசன்னா. கொச்சியில் 1996-ல் தொடங்கிய மதர்ஜேன் குழு. அதன் கிட்டார் கலைஞர் பைஜு தர்மஜன் எலெக்ட்ரிக் கிட்டாரில் கமகம் பேச வைத்தவர். 2008-ல் வந்த அவர்களது 'மக்தூப்' ஆல்பத்தைக் கேளுங்க.

மதர்ஜேன் கதையில் நமக்கு ஒரு பாடமும் இருக்கு. 2010-ல் பைஜு விலகினார். பின்னாளில் பாடகர் சூரஜ் மணியும் விலகினார். அந்தக் குழுவின் பழைய ஒலி அவர்கள் விரலிலும் தொண்டையிலும்தான் இருந்தது. இந்த மாதிரி இசையில் ஒருத்தர் போனால் இன்னொருத்தரை வைத்து நிரப்புவது சுலபம் இல்லை. அஞ்சாறு பேர் வருஷக்கணக்கில் ஒருவரை ஒருவர் கேட்டுக் கேட்டுப் பழகியதுதான் இந்த இசையின் மூலதனம். அதனால்தான் நாம மூணு வருஷம் பழகியதை ப்ளேஸ்மென்ட் சீசனில் கலைக்கும்போது, என்ன தொலைக்கிறோம் என்று தெரியாமலே தொலைக்கிறோம்.

நம்மகிட்ட என்ன இருக்கு?

அகத்தின் மேல் எனக்கு ஒரு சின்ன வருத்தமும் உண்டு. குழுவின் பேர் தமிழ். ஆனா அவர்களுக்குப் புகழ் கொடுத்த பாட்டுகளில் பல தெலுங்கு, சமஸ்கிருதக் கீர்த்தனைகள். அது அவர்கள் கற்று வளர்ந்த இசை, அதில் அவர்கள் நேர்மையாக இருக்கிறார்கள். அதில் தப்பு இல்லை. ஆனா நாம அவங்களைப் பார்த்து அதே கீர்த்தனைகளை எடுத்துப் பாடினா, அது காப்பி ரெக்கார்டு எழுதுற மாதிரி ஆயிடும். அவங்க பண்ணது தங்களுக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கியது. நாம நமக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கணும்.

சேலம், நாமக்கல் பக்கத்தில் என்ன இருக்கு, லாரியும் முட்டையும் ரிக் வண்டியும் தானேன்னு கேட்பீங்க. கொஞ்சம் திரும்பிப் பாருங்க.

திருச்செங்கோட்டு மலை தெரியுது இல்ல? அந்த ஊர் முருகன் மேல் அருணகிரிநாதர் பல திருப்புகழ் பாடியிருக்கிறார். 15-ஆம் நூற்றாண்டு. ஒவ்வொரு திருப்புகழுக்கும் ஒரு சந்தம். அந்தச் சந்தங்களை எண்ணிப் பார்த்தால், அஞ்சும் ஏழும் கலந்த கணக்குகள் வரும். ப்ரோக்ரெசிவ் ராக் டிரம்மர் ஒருத்தர் கையில் ஒரு திருப்புகழ்ப் புத்தகத்தைக் கொடுத்தா ஒரு வருஷத்துக்கு அவருக்கு வேறு வேலை இருக்காது.

அண்ணன்மார் கதை இருக்கு. பொன்னர் சங்கர். உடுக்கையை அடித்துக்கிட்டே இரவு இரவா பாடிச் சொல்லும் கதை. கொங்கு நாட்டில் அதை 1960களில் கிராமத்தில் தங்கி ஒலிநாடாவில் பதிவு செய்தவர் கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் பிரெண்டா பெக். ப்ரோக்ரெசிவ் ராக்கில் ஒரே கதையை முழு ஆல்பமாகச் சொல்வதை 'கான்செப்ட் ஆல்பம்' என்று பெருமையாகச் சொல்லுவாங்க. நம்ம ஊர் உடுக்கைக் கலைஞருக்கு ஒரு கதை ஒரு ராத்திரிக்குள் அடங்கினதே இல்லை. உங்க தாத்தா ஊர்க் கோயில் நோம்பியில் அவர் பாடும்போது நீங்க மொபைல் நோண்டிட்டு இருந்தீங்களா? நானும்தான்.

கொல்லிமலையை நினைச்சா வல்வில் ஓரி ஞாபகம் வருவான். அவன் வில்லை எல்லாரும் சொல்லுவாங்க. ஆனா புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் இன்னொரு காட்சியும் வைத்திருக்கிறார். காட்டில் வேட்டையாடி வந்த ஓரி முன்னால், அவன் யாரென்று தெரியாமலே, ஒரு பாணர் கூட்டம் முழவு, யாழ், தூம்பு என்று பல கருவிகளை எடுத்து வாசிக்கிறது. நம்ம மாவட்டத்தின் மிகப் பழைய பேண்ட் அதுதான்னு நான் நம்புறேன்.

பறை இருக்கு, தவில் நாயனம் இருக்கு. சென்னையில் 2018 ஜனவரியில் முதல் மேடை ஏறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கானாவையும் ராப்பையும் ராக்கையும் சேர்த்துத் தங்கள் தெருவின் பேச்சை மேடைக்குக் கொண்டு வந்தது. கர்நாடக சங்கீதம் கற்றுக்கொள்ள எல்லா வீட்டுக்கும் வாய்ப்பு இருந்தது இல்லை, இன்னைக்கும் இல்லை. சபாவும் குருவும் நம்ம ஊர்களுக்குத் தூரம். அதனால் "எனக்கு சங்கீதம் தெரியாதே"ன்னு ஒதுங்க வேண்டாம். உங்க காதில் சின்ன வயசிலேயே விழுந்த ஏதோ ஒரு இசை இருக்கும். அதைத் தகரமா ஒட்டாமல், உட்கார்ந்து கற்றுக்கிட்டு கட்டணும். அதற்கும் அதே வருஷங்கள் ஆகும்.

"அவங்க பெங்களூரு, நாங்க?"

நீங்க என்னைக் கேட்கப் போற கேள்வி எனக்குத் தெரியும். "கூகுள்ல சம்பளம் வாங்குறவன் ஞாயித்துக்கிழமை வயலின் வாசிப்பான். எனக்கு எஜுகேஷன் லோன் இருக்கு, தங்கச்சி படிப்பு இருக்கு, நைட் ஷிஃப்ட் வேலை. எனக்கு ஏது ஞாயிறு?"

நியாயமான கேள்வி. இதுக்கு என்கிட்ட முழு பதில் இல்லை. நம்மில் பாதிப் பேர் வீட்டில் முதல் பட்டதாரி. முதல் சம்பளம் வரும் முன்னே அதற்குச் செலவு காத்திருக்கும். நல்ல சம்பளம் இருந்ததால் அவர்களுக்கு அவசரம் இல்லை என்பது உண்மைதான். எங்க பேண்டில் பாடினவ, ராசிபுரத்துல ஆறு வருஷம் பாட்டு கத்துக்கிட்டவ. "வேலைக்குப் போனா ரெண்டு வருஷத்துல கல்யாணம். அப்புறம் எந்த வீட்டுல ரிகர்சலுக்கு விடுவாங்க?"ன்னு கேட்டா. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. பையன்களுக்கு இந்தக் கேள்வியே வருவதில்லை என்பதையும் அன்னைக்குத்தான் கவனிச்சேன்.

ஆனாலும் ஒண்ணு சொல்லுவேன். வசதி இல்லாதவனுக்கு வேகமான வழிதான் ரொம்ப ஆபத்து. வேலையை விட்டுட்டு வா என்று சொல்லும் அறிவுரை, விழுந்தால் தாங்கிப் பிடிக்க அப்பாவின் சொத்து இருக்கிறவனுக்குத்தான் பொருந்தும். மெதுவான வழியில் மாதத்துக்கு ரெண்டு நாள் போதும். பத்து வருஷத்தில் அது 240 நாள். நாங்க மூணு வருஷத்தில் உருப்படியா பிராக்டிஸ் பண்ணின நாட்களை எண்ணினா அதில் கால்வாசி கூடத் தேறாது.

காலேஜும் யோசிக்கணும். பல கல்லூரிகளில் கல்ச்சுரல்ஸ் பணத்தில் பெரும்பங்கு, ஒரே ஒரு ராத்திரிக்கு வந்து போகும் சினிமா பாடகருக்கோ டி.ஜே.வுக்கோ போகுது. அதில் ஒரு சின்னப் பகுதியை ஒதுக்கினா ஒரு டிரம் செட்டும், நாலு மைக்கும், கதவு மூடிய ஒரு அறையும் நிரந்தரமாகக் கிடைக்கும். படிப்பு முடித்துப் போனவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து வாசிக்க அந்த அறையைத் திறந்து விட்டால் இன்னும் நல்லது. கிரிக்கெட் கிரவுண்டை மட்டும் பழைய மாணவர்களுக்குத் திறக்கிறோமே!

முடிவா, ஃபைனல் இயரில் இருக்கிற பேண்ட் பசங்களுக்கு மூணு விஷயம் சொல்றேன். ஒண்ணு, பிரியறதுக்கு முன்னாடி வாசிக்கத் தெரிந்ததை எல்லாம் மொபைலிலாவது பதிவு பண்ணி வைங்க. மறுபடி சேரும்போது ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியது இல்லை. ரெண்டு, யார் எந்த ஊருக்குப் போனாலும் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை சேலத்துல சந்திக்கிறதா தேதி போடுங்க. சென்னை, கோவை, பெங்களூரு மூணுக்கும் பஸ்ஸும் ரயிலும் இருக்கிற ஊர். மூணு, அடுத்த ஒரு வருஷத்துக்கு ஒரே ஒரு பாட்டு. கவர் சாங் வேண்டாம், உங்க சொந்தப் பாட்டு. அதை மட்டும் செதுக்குங்க.

சொல்றதோட நிறுத்தக் கூடாதுன்னு, இதை எழுதி முடிச்ச ராத்திரி எங்க குரூப்ல மெசேஜ் போட்டேன். "ஸ்டோர் ரூம் சாவி கேட்கட்டுமா? திருச்செங்கோடு திருப்புகழ் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன், ஏழு ஏழா போகுது." ரெண்டு மணி நேரம் நீல டிக் மட்டும்தான் வந்தது. பதினொன்னரைக்கு டிரம்மர் பதில் போட்டான்: "ஞாயித்துக்கெழம லீவுதான். வாரேன். பசிக்கும், பரோட்டா நீ வாங்கிக் குடு." பாட்டு பாடினவளும் ஒரு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தா. திறந்து கேட்டா, தகிட தகதிமி எண்ணிட்டு இருக்கா.